அம்பாசிடர் டோர் பேட் சரியாக உட்காரவில்லை, ஆர்ம்ரெஸ்ட் ஆடுகிறது

மலைக்கோட்டை_அம்பி:
எங்களுடையது 1986 மார்க் 4 அம்பாசிடர், அப்பா காலத்து வண்டி. நான்கு கதவிலும் டோர் பேட் (கதவின் உள்பக்கத்தை மூடும் ரெக்சின் ஒட்டிய அட்டை) கீழ்ப்பக்கம் ஊறிப்போய் ஹார்டுபோர்டு இலை இலையாகப் பிரிந்து ரெக்சின் தொங்கிக்கொண்டிருந்தது, அதனால் குஷன் கடையில் கொடுத்து நான்கையும் புதிதாகச் செய்து வாங்கிவிட்டேன். ரெக்சினும் தையலும் அருமை, ஆனால் கதவில் வைத்தால் கிளிப்புகள் ஓட்டைக்கு நேராக வரவில்லை. மேல் ஓரத்தைச் சேர்த்து அழுத்தினால் கீழ் ஓரம் தூக்கிக்கொள்கிறது. டிரைவர் பக்கத்தை மட்டும் ஒருவழியாக மாட்டியாயிற்று. அதில் ஆர்ம்ரெஸ்ட் ஸ்குரு முறுக்க முறுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கதவை இழுத்துச் சாத்தினால் ஆட்டம் கொடுக்கிறது. கண்ணாடி ஏற்றும் ஹேண்டிலும் பேடில் உரசி இறுக்கமாகச் சுற்றுகிறது. ஆர்ம்ரெஸ்டுக்கு இன்னும் தடிமனான, நீளமான ஸ்குரு போட்டால் நிற்குமா?

பழைய_டிங்கர்:
நீளமான ஸ்குரு மட்டும் போடாதீர்கள். பேடுக்கு அடியில் இருக்கும் கதவுத் தகரத்துக்குப் பின்னால்தான் கண்ணாடி இறங்குகிறது, முனை அதைத் தொட்டால் கண்ணாடியில் கோடு விழும், இல்லை உடைந்தே போகும். உங்கள் ஸ்குரு வெறும் அட்டையைத்தான் கடித்துக்கொண்டிருக்கிறது. கதவைச் சாத்தும் ஒவ்வொரு முறையும் மொத்த இழுவையும் ஆர்ம்ரெஸ்டில் வருகிறது, அதை ஹார்டுபோர்டு எத்தனை நாள் தாங்கும்? அதற்குத் தகரம்தான் வேண்டும். ஆர்ம்ரெஸ்டைக் கழற்றிவிட்டு, பேடு மாட்டியிருக்கும்போதே ரெக்சினையும் அட்டையையும் துளைக்கும்படி குத்தூசியால் மெதுவாகக் குத்திப் பாருங்கள். தகரம் இருக்கும் இடத்தில் ஊசி டக்கென்று நிற்கும், பழைய ஓட்டைக்கு நேராக வந்தால் உள்ளே போய்விடும். ஓட்டை கிடைத்ததும் ரெக்சினில் சின்னதாக வெட்டு போட்டு அந்த வழியாகவே ஸ்குருவை ஏற்றுங்கள். தகரத்திலேயே ஓட்டை தேய்ந்து பெரிதாகியிருந்தால் பேடைக் கழற்றி அங்கே ஒரு ரிவெட் நட் (தகரத்து ஓட்டையில் ரிவெட் மாதிரி பிடித்துக்கொள்ளும், உள்ளே மரை உள்ள நட்) அடித்துவிடுங்கள், அதற்கப்புறம் அசையாது. கடைசியாகக் கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும்.

கோவை_ஸ்டியரிங்:
கிளிப் விஷயத்துக்கு வருகிறேன். பழைய பேடை வைத்து அளவெடுத்திருப்பார்கள், ஊறி உப்பிய அட்டையின் அளவு எப்படிச் சரியாக இருக்கும்? கதவைத்தான் அச்சாக வைக்க வேண்டும். வெறும் கதவில் பெரிய பிரௌன் தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் ஒவ்வொரு ஓட்டையும் ஓரமும் தாளில் தெரியும். அதைப் பேடின் பின்பக்கம் வைத்துப் பாருங்கள், எது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று புரியும். அட்டையில் இருக்கும் ஓட்டையைப் பக்கவாட்டில் கொஞ்சம் நீளமாக்கினாலே பல கிளிப்புகள் நேராகிவிடும். மாட்டும்போது ஒவ்வொரு கிளிப்பும் ஓட்டைக்குள் நுனி நுழைந்ததைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் உள்ளங்கையால் தட்டுங்கள். நடுவில் ஓங்கிக் குத்தினால் கிளிப் மடங்கும், இல்லை அட்டை பிய்யும்.

ஹேண்டில் உரசுவது ரெக்சினுக்கு அடியில் வைத்த ஸ்பாஞ்சின் தடிமனால்தான். ஹேண்டிலுக்குக் கீழே வட்டமாக ஸ்பாஞ்சை வெட்டி எடுத்துவிட்டு ரெக்சினை மட்டும் விடச் சொல்லுங்கள். ஹேண்டிலை எதுவும் போட்டு நெம்ப வேண்டாம். அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்த வண்டி, பழைய ஹேண்டிலாக இருந்தால் பின்னால் இருக்கும் வட்டத் தகட்டை உள்ளே அழுத்தினால் குறுக்கே ஒரு சின்னப் பின் தெரியும், மெல்லிய பஞ்ச் (பின்னைத் தள்ளும் தட்டை முனைக் கம்பி) வைத்துத் தட்டினால் வந்துவிடும். பிற்பாடு மாற்றிய ஹேண்டில் என்றால் நடுவில் ஸ்குரு இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

மழைக்கால_மெக்கானிக்:
பழைய பேடு ஏன் ஊறியது என்று யாருமே கேட்கவில்லையே! அதைச் சரி செய்யாமல் புது பேடை மாட்டினால் இதுவும் அடுத்த ஐப்பசி மழையில் அதே கதிதான். கண்ணாடி வழியாகத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், கதவு அதற்குத் தகுந்தபடிதான் செய்யப்பட்டிருக்கிறது, கீழ் விளிம்பில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியே போய்விட வேண்டும். அந்த ஓட்டைகள் மண்ணும் துருவும் சேர்ந்து அடைத்திருக்கும், கம்பி விட்டுக் குத்தி எடுத்து, மேலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அப்புறம் கதவுக்கும் பேடுக்கும் நடுவே கெட்டியான பாலித்தீன் தாள் கட்டாயம். பக்கங்களிலும் மேலேயும் கதவில் ஒட்டுங்கள், கீழ் நுனியை மட்டும் கதவில் இருக்கும் நீளத் திறப்பு வழியாக உள்ளே செருகுங்கள். வெளியே தொங்கவிட்டால் வழிந்து வரும் தண்ணீர் நேராக அட்டையில்தான் இறங்கும். குஷன் கடைக்காரர் பலர் இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் பேடு மாட்டித் தருகிறார்கள், பார்க்கவே மனசு கேட்பதில்லை.

மலைக்கோட்டை_அம்பி:
மிக்க நன்றி. டிரைவர் கதவில் பேடைக் கழற்றிப் பார்த்தேன், தாள் சுத்தமாக இல்லை, கீழ் ஓட்டை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. ஹார்டுபோர்டுக்குப் பதில் பிளைவுட் போடலாமா?

மழைக்கால_மெக்கானிக்:
தாராளமாக. 3 மி.மீ. மரைன் பிளை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்), அதற்கு மேல் தடிமன் போனால் கிளிப் எட்டாது. வெட்டிய ஓரங்களிலும் கிளிப் ஓட்டைகளிலும் வார்னிஷ் அடித்துக் காயவிட்டு, பிறகுதான் ரெக்சின் ஒட்ட வேண்டும். இப்போது செய்து வைத்திருக்கும் பேடுகளை வீணாக்க வேண்டாம், பின்பக்கமும் ஓரமும் வார்னிஷ் அடித்தால் அவையே நன்றாக உழைக்கும்.