கிராஃப்ட்ஸ்மன் வீடு: பாணியின் பெயரும் உறுப்புகளின் பெயர்களும்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்க வீட்டுக் கட்டடக்கலையின் கிராஃப்ட்ஸ்மன் பாணிக்குத் தமிழில் 'கைவினைஞர் பாணி' என்னும் பெயர் முன்மொழியப்பட்டது. சொல் நன்று; ஆயினும் ஏற்கத் தயங்குகிறேன். அறைகலன் வடிவமைப்பாளர் குஸ்தாவ் ஸ்டிக்லி 1901 முதல் 1916 வரை நடத்திய 'தி கிராஃப்ட்ஸ்மன்' இதழின் பெயரே அப்பாணிக்கு நிலைத்தது. இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் முதலியோர் வளர்த்த 'கலை, கைவினை இயக்க'த்தின் (Arts and Crafts) வழிவந்ததாயினும், அமெரிக்காவில் அது கைவேலையோடு நிற்கவில்லை. சியர்ஸ் என்னும் வணிக நிறுவனம் 1908 முதல் விலைப்பட்டியல் வழியே விற்ற வீடுகளில் பல இச்சாயலில் அமைந்தவை. சில ஆண்டுகள் கழித்து அவற்றின் மரங்கள் ஆலையிலேயே அளந்து அறுக்கப்பட்டு ரயிலில் வந்திறங்கின. அதைக் கைவினைஞர் வீடு என்றால் படிப்பவர் வேறொன்றை எண்ணிக்கொள்வார். எனவே 'கிராஃப்ட்ஸ்மன் பாணி' என்றே வைத்துக்கொள்ளலாம்.

நாம் உழைக்க வேண்டியது வீட்டு உறுப்புகளின் தமிழ்ப் பெயர்களில்தான். சரிவு குறைந்த கூரை, சுவரைத் தாண்டி அகலமாக நீளும் இறவாரம், பலகையடித்து மறைக்காமல் அதனடியில் தெரியவிட்ட கைமர (கூரையைத் தாங்கும் சாய்ந்த மரம்) முனைகள் ஆகியவற்றைக் கொண்டே இவ்வீட்டைத் தெருவிலிருந்து அடையாளம் காண்கிறோம். கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் கட்டடக்கலைஞர்களான கிரீன் சகோதரர்கள் 1908-இல் வடிவமைத்த கேம்பிள் இல்லத்தில் கைமர முனைகள் மழுங்க இழைக்கப்பட்டுக் கூரை விளிம்பையும் கடந்து நீள்கின்றன. கட்டுமானத்தையே அணியாக்கும் இந்த எண்ணம்தான் பாணியின் உயிர். கைமரமும் இறவாரமும் நம்மிடம் ஏற்கெனவே உள்ள சொற்கள். புதிதாக ஆக்கத் தேவையில்லை.

முக்கோண முகப்பில் கூரை நீட்சியைத் தாங்கும் சாய்மரத்துக்கு 'முட்டுக்கட்டை' பொருளளவில் சரியே. ஆனால் பேச்சில் அது தடையைக் குறிப்பதாகிவிட்டதால் 'சாய்தாங்கி' என்கிறேன். செங்கல் அல்லது கல் பீடத்தின்மேல் நின்று, உயர உயரக் குறுகும் சதுரத் தூணுக்கு 'ஒடுங்குதூண்' எனலாம். அத்தூண்கள் தாங்கும் முன்பகுதியைத் திண்ணை என்பதில் எனக்கு உடன்பாடில்லை. திண்ணை உட்காரும் மேடை, இதுவோ கூரையிட்ட முன்தாழ்வாரம். சுவரோடு சேர்த்தே செய்த ஓக் மரப் புத்தக அடுக்குக்கும் சன்னலோர இருக்கைக்கும் பொதுவாகச் 'சுவரிணை அறைகலன்' பொருந்தும்.

தீராதது ஒன்று. இப்பாணியின் சிறு வீடுகளை அங்கே பங்களோ என்பர். வங்காளத்திலிருந்து சென்ற சொல்தான். ஆனால் அங்கு அது ஒரே தளமோ ஒன்றரைத் தளமோ கொண்ட எளிய வீடு, நமக்கோ பங்களா என்றால் செல்வர் மாளிகை. 'தாழ்கூரை வீடு' என்று எழுதிப் பார்த்தேன், நிறைவில்லை. பொருத்தமான சொல் தோன்றினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.