பில்போ ஆடினது போங்காட்டமா?

மூன்றாம்சாமம்:
டோல்கீனோட 'ஹாபிட்' நாவலைப் பத்தி பக்கத்துத் திரியில ரயிலடி எழுதினதைப் படிச்சதுலேர்ந்து மனசே ஆறல. அவர் எழுதினது: "44 வயசுல ஹாபிட் படிச்சு உருகறாங்களாம். 5 வயசுலேர்ந்து 9 வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கான கதை அது. ஹீரோ பில்போவே விடுகதைப் போட்டியில போங்காட்டம் ஆடித்தான் ஜெயிக்கறான்."

அந்த 44 வயசு ஆள் நான்தான். பொண்ணுக்கு ராத்திரி வாசிச்சுக் காட்ட ஆரம்பிச்சேன், அவ தூங்கின பிறகும் நான் மூடி வைக்கல. அது என் பாடு. ஆனா போங்காட்டம்னு சொன்னதை விட முடியாது. எந்த வரியில போங்கு? காட்டுங்க.

ரயிலடி:
இருட்டுக் குகை. தோத்தா அங்க இருக்கற கோல்லம்ங்கற ஜந்து பில்போவைத் தின்னுடும், ஜெயிச்சா வெளிய போக வழி காட்டணும். கடைசியா பில்போ கேக்கறது "என் பையில என்ன இருக்கு?" இது விடுகதையா? நான் சட்டைப் பையில கைய விட்டுட்டு உங்களைக் கேட்டா பதில் சொல்வீங்களா?

மூன்றாம்சாமம்:
அந்தப் பக்கத்தைத் திறந்து வச்சுட்டுத்தான் எழுதறேன். அவன் தனக்குத்தானே முணுமுணுத்ததை கோல்லம் தன்னைக் கேட்டதா நினைச்சுக்குது. நியாயமில்லன்னு முதல்ல கத்துது, சரி. அப்புறம்? மூணு தடவை சொல்லிப் பாக்க விடுன்னு அதுவே கேக்குது. கைன்னு சொல்லுது, தப்பு. கத்தி, தப்பு. மூணாவது வாய்ப்புல "கயிறு, இல்லன்னா ஒண்ணுமில்ல"ன்னு ரெண்டு பதிலைச் சேத்துச் சொல்லுது. மூணு வாய்ப்புக்கு நாலு பதில். போங்கு ஆடினது யாரு?

தேன்சிட்டு:
சாமம் அண்ணா சொல்றது சரி. ஒத்துக்கிட்டு விளையாட உக்காந்தாச்சு, அப்புறம் விதி பேசக்கூடாது. டோல்கீனே பின்னாடி வந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலோட முன்னுரையில இதைத் தொட்டிருக்கார். அது விடுகதையா வெறும் கேள்வியான்னு அபிப்பிராய பேதம் உண்டு, ஆனா பதில் சொல்ல முயற்சி பண்ண பிறகு கோல்லம் வாக்குக்குக் கட்டுப்பட்டதுதான்னு.

ரயிலடி:
எழுதினவரே அபிப்பிராய பேதம்னு சொல்லிட்டாரில்ல? அவ்ளோதான். பையில என்ன இருக்குங்கறது விடுகதை இல்ல.

மூன்றாம்சாமம்:
பாதி வாக்கியத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பேசாதீங்க. போன வருஷமும் வேற திரியில இதையேதான் செஞ்சீங்க, நான் மறக்கல.

புதுப்பேட்டையான்:
ரெண்டு பேரும் எந்தப் பதிப்பைப் பத்திப் பேசறீங்க? 1937ல வந்த முதல் பதிப்புல இந்த அத்தியாயமே வேற. அங்க தோத்தா கோல்லம் குடுக்கறதா சொன்ன பரிசே, அது தொலைச்சு பில்போ கண்டெடுத்துப் பையில போட்டுக்கிட்ட அந்த மந்திர மோதிரம்தான். தேடிப் பாத்துட்டு காணோம்னு மன்னிப்பு கேக்கும், மரியாதையா வழியும் காட்டும். மாத்தி எழுதினது வந்தது 1951 பதிப்புலதான். டோல்கீன் 1947ல பதிப்பாளருக்கு மாதிரிக்குன்னு அனுப்பி வச்சார், அவங்க அதையே திருத்தம்னு எடுத்து அச்சுக்கோத்துட்டாங்க.

ரயிலடி:
பாத்தீங்களா! மோதிரம் ஏற்கெனவே பில்போ பையில. அது தேடுது, இவன் வாயைத் திறக்கல. இதுக்குப் பேரு என்ன?

மூன்றாம்சாமம்:
தன்னைத் தின்னப் போற ஜந்துகிட்ட உண்மை பேசணுமா? அதோட நாம பேசினது கேள்வியைப் பத்தி, மோதிரத்தைப் பத்தி இல்ல. நழுவாதீங்க. நாலு பதில் சொன்னதுக்கு இன்னும் பதில் வரல.

மீனாட்சிபுரம்:
கோல்லமா கொல்லமா? தொண்டையில விழுங்கற சத்தத்தால வந்த பேரு அது. படத்துல சொல்றது கொல்லம் மாதிரிதான் கேக்குது.

தேன்சிட்டு:
கொல்லம்னா கேரளத்து ஊரு. கோல்லம்னே இருக்கட்டும்.

மீனாட்சிபுரம்:
ஊர்ப் பேரு இருந்தா உச்சரிப்பை மாத்திடணுமா? என்ன நியாயம் இது.

ரயிலடி:
வயசு விஷயத்தை எல்லாரும் நைசா விட்டுட்டீங்க. 5–9ங்கறது நான் கட்டிவிட்டதில்ல. பதிப்பாளர் அன்வினோட பையன் ரேனர் 1936ல கையெழுத்துப் பிரதியைப் படிச்சு எழுதிக் குடுத்த குறிப்புல இருக்கு. கூலி 1 ஷில்லிங்.

மூன்றாம்சாமம்:
அப்ப ரேனருக்கு 10 வயசு! பத்து வயசுப் பையன் தன்னைவிடச் சின்னப் பசங்களுக்குன்னு சொன்னதை வச்சு எனக்கு வயசு வரம்பு போடறீங்க. 1939ல செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்துல டோல்கீன் பேசினதைப் படிங்க. தேவதைக் கதையைக் குழந்தைங்களுக்குன்னு ஒதுக்கினதே தப்புன்னு வாதாடியிருக்கார்.

அதே அத்தியாயத்துல, எல்லாத்தையும் விழுங்கறது எதுன்னு கோல்லம் ஒரு விடுகதை போடுது. பறவை, மிருகம், மரம், இரும்பு, ராஜா, ஊரு எல்லாத்தையும் தின்னுடுமாம். பில்போவுக்கு ஒண்ணும் தோணல. அது கிட்ட நெருங்கி வருது. இன்னும் கொஞ்சம் நேரம் குடுன்னு கெஞ்ச வாயைத் திறக்கறான், பயத்துல "நேரம்! நேரம்!"னு மட்டும்தான் வருது. அதுதான் விடையே. என் பொண்ணு கைதட்டிச் சிரிச்சா. அப்பாவோட கடைசி வாரத்துல ஆஸ்பத்திரி வராந்தாவுல இன்னும் கொஞ்சம் நேரம்னு நான் கேட்டுக்கிட்டு நின்னதுதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. மேல வாசிக்க முடியல. ஒன்பது வயசுல படிச்சிருந்தா நானும் கைதட்டியிருப்பேன்.

தேன்சிட்டு:
😢

ரயிலடி:
அப்பா விஷயத்துக்கு வருத்தம், நிஜமா. ஆனா அந்த விடையும் குருட்டு அதிர்ஷ்டம்தானே? மீன் விடுகதைக்கும் மீனே துள்ளி வந்து கால்ல விழுந்துதான் விடை சொன்னான். ரெண்டு ஓசி விடை, கடைசியில பை. இவனா ஜெயிச்சான்?

மூன்றாம்சாமம்:
அதிர்ஷ்டம் வேற, போங்கு வேற. தாயத்துல பன்னிரண்டு விழுந்தா போங்கா?

புதுப்பேட்டையான்:
1937 பதிப்புப்படி பாத்தா…

மூன்றாம்சாமம்:
புதுப்பேட்டையான் சார், பதிப்பைக் கொஞ்சம் விடுங்க. ரயிலடி, நாலு பதில். அதுக்குச் சொல்லுங்க.

ரயிலடி:
கேள்வியே செல்லாதப்ப எத்தனை பதில் சொன்னா என்ன? பையில என்ன இருக்குங்கறது விடுகதை இல்ல.

மூன்றாம்சாமம்:
செல்லாதுன்னா எதுக்கு மூணு வாய்ப்பு கேட்டுச்சு?

மீனாட்சிபுரம்:
கொல்லம்தான் சரி. படத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்.