அப்பாவின் கூத்துக் கேசட்டுகளும் ஒரு நீள நோட்டும்

குகை, சேலம்

தொலைந்த பாட்டுத் தொகுப்பை மீட்ட அனுபவம் இருந்தால் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். என்னுடையது முழுதாக மீளவில்லை, முக்கால்வாசிதான் மீண்டது. அந்த முக்கால்வாசியைக் கையில் கொடுத்ததில் மென்பொருளுக்குப் பாதிப் பங்கு, அப்பாவின் கையெழுத்துக்குப் பாதிப் பங்கு. அதனால்தான் எழுதத் தோன்றியது.

அப்பா கேசட் கடை வைத்திருந்தார். 80களில் சேலத்தில் இருந்தவர்களுக்கு அந்த மாதிரிக் கடைகள் நினைவிருக்கும். வெற்றுக் கேசட்டையும், ஒரு தாளில் எழுதிய பாட்டு வரிசையையும் கொடுத்துவிட்டுப் போனால் இரண்டு நாளில் பதிந்து கொடுப்பார்கள். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடாதபடி, ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பாட்டை அடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தால் அப்பா எதைப் பதிந்தாலும் நீள நோட்டில் எழுதி வைப்பார்: கேசட் எண், பக்கம், நேரம், தேதி.

கடை பிழைப்புக்கு. மனசு இருந்தது கூத்தில். ஓமலூர், மேச்சேரி, நங்கவள்ளி, எடப்பாடி பக்கம் எந்த ஊரில் தெருக்கூத்து என்று தெரிந்தாலும் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, டேப் ரெக்கார்டரும் ஏழெட்டு 90 நிமிடக் கேசட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கூத்து விடிய விடிய நடக்கும். 45 நிமிடத்துக்கு ஒருமுறை கேசட்டைத் திருப்பிப் போட வேண்டும், அதனால் தூங்க வழியே இல்லை. சின்ன வயதில் சில தடவை நானும் போயிருக்கிறேன். டார்ச் பிடிப்பது என் வேலை. அந்த வெளிச்சத்தில் அப்பா நோட்டில் எழுதுவார்.

2011-ல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கினோம். கேசட் டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர், பதிவதற்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள். 45 நிமிடப் பக்கம் ஏற 45 நிமிடம் ஆகத்தான் செய்யும். ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தோம். சில கேசட்டுகளில் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தது. வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டினோம். மொத்தம் 170 பக்கங்கள், ஒன்றரை வருடம். சுருக்காத வேவ் ஃபைலாக வைத்ததால் ஒரு பக்கம் சுமார் 475 எம்பி.

2014-ல் அப்பா தவறிவிட்டார். இரண்டு வருடம் கழித்து வீடு மாறியபோது, கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்று கேசட் பெட்டிகளைப் பழைய சாமான்காரரிடம் போட்டோம். இன்றைக்கும் மனசில் முள்ளாகக் கிடப்பது அந்த நாள்தான். டிஸ்க் போனது பிறகுதான்.

2021-ல் ஒரு ராத்திரி. பதிவுகள் இருந்த ஒரு டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகினேன். இந்த டிஸ்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று திரையில் வந்தது. தூக்கக் கலக்கத்தில் சரி என்று அழுத்திவிட்டேன். பத்து வினாடியில் டிஸ்க் காலி.

அடுத்து நான் செய்த ஒரே நல்ல காரியம், வயரைப் பிடுங்கியது. விரைவு ஃபார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போல. பக்கங்கள் உள்ளேதான் இருக்கும். ஆனால் அதன்மேல் ஒரு படத்தை காப்பி செய்தாலும் அந்த அளவுக்குப் பழையது அழிந்துபோகும். இது சுழலும் ஹார்ட் டிஸ்குக்குத்தான் பொருந்தும். சுழலும் தகடு இல்லாத எஸ்எஸ்டியில் டிரிம் என்ற ஏற்பாடு வேலை செய்தால், காலியானதாகக் குறிக்கப்பட்ட இடத்தை அதுவே துடைத்துவிடும். அங்கே நம்பிக்கை மிகக் குறைவு.

டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் மென்பொருளில் பார்த்தால், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்கின் சின்னச் சின்னக் கட்டங்கள்) என்ற வரியில் எண் ஏறியிருந்தது. ஃபார்மட் கேட்டதற்கே அதுதான் காரணமாக இருந்திருக்கும். இப்படி இருக்கும்போது அந்த டிஸ்கிலேயே மீட்பு வேலை செய்யக்கூடாது. முதலில் அச்சு அசலாக ஒரு நகல் எடுக்க வேண்டும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. அது நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை முடித்தது என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதி வைப்பதால் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். புது 2 டெராபைட் டிஸ்கில் நகல் எடுக்க எனக்கு மூன்று நாள் ஆனது. (டிஸ்க் டக் டக் என்று அடித்துக்கொண்டால் இதைக்கூடச் செய்யாதீர்கள். உள்ளே ஹெட் கெட்டிருக்கலாம், ஓட ஓடத் தகட்டைச் சுரண்டும். அதைத் தூசியில்லாத அறை வைத்திருப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.)

நகலின்மேல் ஃபோட்டோரெக்கை ஓடவிட்டேன். பெயரில் ஃபோட்டோ இருந்தாலும் பாட்டையும் மீட்கும், இலவசம்தான். அது பொருளடக்கத்தைத் தேடாமல், ஒவ்வொரு வகை ஃபைலும் எந்த எழுத்துகளோடு தொடங்கும் என்பதை வைத்துப் பக்கம் பக்கமாகத் துழாவும். கிடைத்தது ஆயிரக்கணக்கில். ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. எஃப் என்ற எழுத்தும் பின்னால் ஒரு நீண்ட எண்ணும், அவ்வளவுதான். சினிமாப் பாட்டுகளைப் பற்றி நான் கவலைப்படவில்லை. எம்பி3 ஃபைலுக்குள்ளேயே பாட்டின் பெயர் பதிந்திருக்கும், அதைப் படித்து ஃபைல் பெயராக்க மென்பொருள் உண்டு. அப்படியும் வராவிட்டால் அந்தப் பாட்டு இன்னொரு இடத்தில் கிடைக்கும்.

கூத்துப் பதிவுகளில் எந்தப் பெயரும் பதிந்திருக்கவில்லை. 170 பக்கத்தில் 131 கிடைத்தன. சிலவற்றில் இருபதாவது நிமிடத்தில் ஹார்மோனியம் அறுந்து வெறும் இரைச்சல். பெரிய ஃபைல் டிஸ்கில் துண்டு துண்டாகக் கிடந்திருந்தால் தொடர்ச்சி தெரியாமல் போய்விடும். 131 ஃபைல், எல்லாமே மத்தளமும் முகவீணையும் ராத்திரியும். எது எந்த ஊர், எந்த வருடம்?

அம்மாதான் நோட்டைக் கொண்டுவந்தார். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்திருக்கிறார். அதில் அப்பா எழுதியது இப்படி: "47, ரெண்டாம் பக்கம், கரண்ட் போச்சு, பெட்ரோமாக்ஸ் வந்தது." "52, முதல் பக்கம், மழை, கூட்டம் கலைஞ்சு திரும்பி வந்தது."

சாயங்காலம் சாயங்காலம் அம்மாவும் நானும் கேட்கத் தொடங்கினோம். மழைச் சத்தம் கேட்டால் 52. மைக் அடங்கி வெறும் குரல் கேட்டால் 47. பெரிய உதவி செய்தவர் கட்டியக்காரர், கூத்தில் கதை சொல்லிச் சிரிக்க வைப்பவர். மேடைக்கு வந்ததும் அந்த ஊர்க்காரர்களைக் கேலி செய்வார், ஊர்ப் பெயரைச் சொல்வார், மைக் செட்காரரை வம்புக்கிழுப்பார். அவர் வாயிலிருந்து ஊர்ப் பெயர் வந்ததும் அம்மா நோட்டில் விரல் வைத்துவிடுவார். ஒன்பது மாதத்தில் 131-இல் 118 பக்கத்துக்குப் பெயர் கிடைத்தது. ஒரு பக்கத்தின் கடைசியில் அப்பா "தம்பி, லைட்ட இப்பிடிக் காட்டு" என்கிறார். அன்றைக்கு நாங்கள் அதற்குமேல் கேட்கவில்லை.

ஏற்காடு

குகை அண்ணா, அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நான் காப்பித் தோட்டத்தில் கணக்கு பார்க்கிறேன். என்னிடம் இரண்டு பிரதி இருந்தன, இரண்டும் ஒரே நொடியில் போயின. கம்ப்யூட்டரும் பேக்கப் டிஸ்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியே இருந்தன. மலையில் கோடை மழைக்கு முன்னால் வரும் இடி உங்களுக்குத் தெரியும். கரண்ட் சுவிட்சை அணைத்துத்தான் வைத்திருந்தோம். டெலிபோன் கம்பி வழியாக வந்து மோடத்தைத் தாண்டி எல்லாவற்றையும் எரித்துவிட்டது. அன்றிலிருந்து மேகம் கறுத்தால் பிளக், டெலிபோன் கம்பி இரண்டையும் கழற்றிவிடுகிறேன். பேக்கப் டிஸ்க் நகல் எடுக்கும் நேரம் தவிர வயரோடு இருப்பதே இல்லை.

காப்பாற்றியது அலமாரியில் கிடந்த பழைய ஐபாட். அதிலிருந்து பாட்டை வெளியே எடுக்க ஆப்பிள் நேர்வழி வைக்கவில்லை. ஆனால் அதை டிஸ்க் போலத் திறந்து, மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டச் சொன்னால் ஐபாட் கன்ட்ரோல் என்று ஒன்று தெரியும். அதற்குள் மியூசிக், அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள். பாட்டுகள் நான்கெழுத்துப் பெயரில் கலைந்து கிடக்கும். உள்ளே பதிந்த விவரம் அப்படியே இருப்பதால் கம்ப்யூட்டருக்கு காப்பி செய்ததும் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. விவரத்தைப் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்த பாட்டுகள் மட்டும் கிறுக்கலாக வந்தன. அவற்றைக் கேட்டுக் கேட்டு யூனிகோடில் திரும்ப அடித்தேன்.

இன்னொன்று, மலைக்காரர்களுக்காக. இங்கே பனிமூட்டத்தில் சிடியில்கூடப் பூஞ்சை பிடிக்கிறது. துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதீர்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் மெல்லத் துடைக்க வேண்டும். தடத்தோடு சேர்ந்து வட்டமாகக் கீறல் விழுந்தால் சிடி பிளேயரால் சரிசெய்து படிக்க முடியாது, குறுக்கே விழுந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடும். சிலிகா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

அண்ணா, இப்போது எப்படி வைத்திருக்கிறீர்கள்?

அம்மாப்பேட்டை, சேலம்

என்னுடையது சின்னது. பாட்டி தறியில் உட்கார்ந்து பாடிய தாலாட்டும் ஒப்பாரியும், என் போனில் பதிந்தவை. போன் பேட்டர்ன் மறந்து, கடையில் ரீசெட் செய்து கொடுத்தார்கள். இப்போதைய போன்களில் உள்நினைவகம் பூட்டு மொழியில்தான் எழுதப்படுகிறதாம். ரீசெட் செய்தால் சாவி அழிந்துவிடும், எந்த மீட்பு ஆப்பும் உதவாது. காசு கட்டி இரண்டு ஆப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இது எனக்குத் தெரிந்தது. நீங்கள் கட்டாதீர்கள்.

திருப்பூரில் இருக்கும் சித்தி மகளுக்கு வாட்ஸாப்பில் ஏழு பாட்டு அனுப்பியிருந்தேன். அவள் போனில் அந்த ஏழும் இருந்தன. பதினொன்று போய்விட்டன. பாட்டி இப்போது இல்லை.

குகை, சேலம்

தம்பி, அந்த ஏழையும் இன்றைக்கே இன்னும் இரண்டு இடத்தில் வைத்துவிடு. பாட்டி பெயர், ஊர், பாடிய சமயம், உனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஃபோட்டோவும் எடுத்து அதே ஃபோல்டரில் போடு. வெறும் குரல் மட்டும் இருந்தால் இருபது வருடம் கழித்து கேட்பவருக்கு அது யார் என்றே தெரியாது.

அக்கா கேட்டதற்கு: மூன்று பிரதி. ஒன்று வீட்டுக் கம்ப்யூட்டரில், ஒன்று மேசை டிராயரில் இருக்கும் டிஸ்கில், ஒன்று ஆத்தூரில் தங்கை வீட்டில். பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் போகும்போது டிராயர் டிஸ்கைக் கொடுத்துவிட்டு அங்கிருப்பதை வாங்கி வந்து புதுப்பிக்கிறேன். இணையத்தில் தானாக ஒத்திசைக்கும் சேவையை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை. இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும்.

வேவ் ஃபைல்களையெல்லாம் ஃபிளாக் என்ற சுருக்க வடிவத்துக்கு மாற்றினேன். ஒலியில் ஒன்றும் குறையாமல் பாதி இடத்தில் அடங்குகிறது. ஊர், தேதி எழுத இடம் இருக்கிறது. ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் அதன் ஒலிக்கு ஒரு கைரேகை போல ஓர் எண் பதிந்திருக்கும். சோதனை ஓட்டினால் ஒரு எழுத்து கெட்டிருந்தாலும் காட்டிக்கொடுக்கும். டிஸ்கை மாற்றும்போதெல்லாம் அந்தச் சோதனையையும் ஓட்டுகிறேன். அப்பாவின் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து மூன்று டிஸ்கிலும் வைத்திருக்கிறேன். அசல் அம்மாவிடம்தான், அதே பிளாஸ்டிக் பையில்.

பரண்மேல் அத்தை வீட்டில் பதினாறு கேசட் கிடைத்தன, அவற்றைத் திரும்ப ஏற்றுகிறேன். பெயர் தெரியாமல் இன்னும் 13 பக்கம் நிற்கின்றன. அதில் ஒன்றில் கட்டியக்காரர், ஊர் ஏரி உடைந்த வருடத்தைச் சொல்லி, அந்தத் தண்ணீரில் தன் சலங்கை போய்விட்டது என்று அழுது காட்டுகிறார். கூட்டம் சிரித்து ஓய இரண்டு நிமிடம் ஆகிறது. மேச்சேரி, நங்கவள்ளிப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எந்த ஊர் ஏரி என்று தெரிந்தால் அந்தப் பக்கத்துக்கும் பெயர் எழுதிவிடுவேன்.