இன்வெர்ட்டர் இருந்தது, தண்ணீர் இல்லை

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது நாங்கள் பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம். எல்லாம் தயாராக வைத்திருப்பதாகத்தான் நினைப்பு. 150 ஏஎச் பேட்டரியோடு இன்வெர்ட்டர், டார்ச், மெழுகுவர்த்தி, கொஞ்சம் மண்ணெண்ணெய். அன்று ராத்திரி கொசுவுக்குப் பயந்து ஃபேன்கூடப் போட்டுப் படுத்தோம். மறுநாள் மதியம் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்திவிட்டு அடங்கிவிட்டது.

இருட்டு நாலு நாளில் பழகிவிட்டது. தண்ணீர்தான் ஆளை உலுக்கியது. போர்வெல் மோட்டாரை இன்வெர்ட்டர் இழுக்காது. மாடியில் இருந்த 500 லிட்டர் டேங்க் இரண்டே நாளில் காலி. டெல்டா முழுக்க லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன, யாரைக் கேட்பது? கொல்லையில் இருந்த அடிபம்பை, மோட்டார் போட்ட கையோடு பழைய இரும்புக்குப் போட்டவன் நான்தான். அப்பா அதை ஒரு தடவைதான் சொல்லிக் காட்டினார். அதுவே போதுமாக இருந்தது.

அப்புறம் குட்டியானையில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஆட்கள் தெருத்தெருவாக வந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வீடு டேங்க் நிரப்பினார்கள். நம் முறை வர ஒரு நாள் ஆகும், சில சமயம் இரண்டு நாள். போன் சார்ஜுக்குப் பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரி. அம்மாவின் இன்சுலினை, ஈர மணலில் புதைத்த மண்பானைக்குள் பாலிதீன் பையில் சுற்றி வைத்தோம். மிக்ஸி இல்லாததால் அம்மிக்கு மறுபடி மரியாதை வந்தது, அரைத்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

22ஆம் நாள் கரண்ட் வந்தது. அதற்குள் மெயின் சுவிட்சை அணைத்து வைத்திருந்தேன், நல்லதாகப் போயிற்று. வந்த முதல் பத்து நிமிடம் லைட் ஏறியும் இறங்கியும் ஆட்டம் காட்டியது. எதிர் வீட்டில் அதிலேயே ஃப்ரிட்ஜ் போனது.

இப்போது புயல் என்ற பேச்சு எழுந்ததுமே மோட்டாரைப் போட்டு டேங்க், குடம், அண்டா, கல்யாணத்துக்கு வாங்கிய தவலை வரை நிரப்பிவிடுவோம். இன்வெர்ட்டரில் ஒரு லைட், போன் சார்ஜ், அவ்வளவுதான். ஃபேன் கிடையாது.

அடிபம்பைத் திரும்பப் போட்டாயிற்று. எங்கள் வீட்டில் 25 அடிக்குள் தண்ணீர் இருப்பதால் அது இழுக்கிறது, ஆழத்தில் தண்ணீர் உள்ள ஊருக்கு இது சரிவராது. சும்மா விட்டால் தோல் வாஷர் காய்ந்துவிடும், அதனால் வாரத்துக்கு ஒருநாள் பையன் அடிக்கிறான். முதலில் மேலே ஒரு சொம்பு ஊற்றினால்தான் ஏறும், அதற்கென்றே ஒரு பாட்டில் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது.