மாரியில் வெள்ளம், ஆடியில் வறண்ட கிணறு: படுவான்கரையில் நீர் எங்கே போகிறது?

கேள்வி (படுவான்கரை வாசி):
மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வவுணதீவுப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மேட்டுக் காணியும், அதில் 12 வளையம் இறக்கிய கிணறும் உண்டு. அப்பாவின் காலத்தில் ஆவணி கழிந்த பின்னும் ஐந்து வளையத்துக்கு நீர் கிடக்கும். இப்போது ஆடி முடியுமுன்பே அடிச்சேறு தெரிகிறது. மழை குறைந்ததாகவும் சொல்ல முடியாது. போன மார்கழியில் முற்றத்திலேயே முழங்கால் அளவு வெள்ளம் நின்றது. அவ்வளவு நீரும் ஏன் கிணற்றில் தங்கவில்லை? இன்னும் ஆழமாக்குவது பயன் தருமா?

பதில் 1 (நீரியல் மாணவன்):
ஐயா, ஆண்டு மொத்தத்தைப் பார்த்தால் விடை பிடிபடாது. மட்டக்களப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரைக்குள் கொட்டிவிடுகிறது. காற்று 1 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பதால், பெய்கிற மழை ஒரேயடியாகப் பெய்யும் போக்கு கூடுகிறது. உங்கள் பக்கத்தில் அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் மேலுள்ள சிதைந்த பாறை அடுக்குத்தான் கிணற்றுக்கு நீர் தருகிறது. அந்த மெல்லிய அடுக்கு நிரம்பிய பின் எவ்வளவு கொட்டினாலும், அது வாவிக்கும் முகத்துவாரத்தால் கடலுக்கும் போய்ச் சேரும். 200 மில்லிமீற்றர் ஒரே நாளில் விழுவதைவிடப் பத்து நாட்களில் பரவி விழுவதே கிணற்றுக்கு நல்லது.

அடுத்தது கச்சான் காற்று. மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு வறண்டு வரும் அந்தக் காற்றில், திறந்த நீர்ப்பரப்பு நாளுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் ஆவியானால் 150 நாட்களில் 75 சென்ரிமீற்றர் போய்விடும், அதாவது ஒன்றரை முழத்துக்கும் கூட. ஆளுயரம் மட்டுமே நீர் கிடக்கும், கிணற்றுக்கும் கீழால் ஊறித் தரும் ஊர்க்குளத்துக்கு அது பெரிய இழப்பு. வெயில் ஏற ஏற இக்கணக்கு இன்னும் கூடும். கிணற்றைப் பாறைவரை ஆழமாக்கினால் சில வாரங்கள் தாங்கும், அவ்வளவுதான்.

பதில் 2 (எழுவான்கரை ஆசிரியை):
வாவிக்குக் கிழக்கே உள்ள எங்கள் கரையில் கிணறு வற்றுவதில்லை, உவர்க்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணலில், நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து கிடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஆகவே மேலே சிறிது குறைந்தாலும் கீழிருந்து உப்பு வெகுவாக ஏறிவிடும். 2004 ஆழிப்பேரலையின் பின் கிணறுகளைச் சுத்தம் செய்வதாக அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் இதுவே நடந்தது. இப்போது கோடை நீளும்போது, மோட்டார் போட்ட வீட்டுத் தேநீரில் உவர்ப்பு முதலில் தட்டுகிறது.

பதில் 3 (அம்பாறை வேளாண்மைக்காரன்):
பெரிய குளமும் முழுக்காவல் அல்ல. 2016, 2017 வரட்சியை நினைத்துப் பாருங்கள். சேனநாயக்க சமுத்திரத்தில் நீர் குறைந்தால், பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலேயே சிறுபோக (கோடைப் போக) ஏக்கர் வெட்டப்படும். கடைசி வாய்க்காலில் இருப்பவன் நீர் பங்கிடும் வட்டவிதானையின் முகத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

ஆனாலும் எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் போட எனக்கு உடன்பாடில்லை. குளத்துக்கு மேலே காடு வெட்டினால் மண் வந்து குளம் தூர்ந்துபோகும். ஆற்றில் மணல் அள்ளினால் ஆற்றுப்படுகை தாழ்ந்து, கரையோரக் கிணற்று நீரும் இறங்கும். தூர்வாருகிறோம் என்று நடுக்குளத்தில் களிப்படை கிழியத் தோண்டினால், உள்ள நீரும் கசிந்துவிடும். முதலில் உங்கள் ஊர்க்குளத்தைப் போய்ப் பாருங்கள், ஐயா.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நேற்று மாலையே போய்ப் பார்த்தேன். குளம் எங்கள் காணிக்கு மேலே இருநூறு யார் தள்ளி இருக்கிறது. 2011 வெள்ளத்தில் உடைந்த கட்டைத் திரும்பக் கட்டியபோது வானை (மிகைநீர் வழியும் இடத்தை) ஒன்றரை அடி தாழ்த்தியிருக்கிறார்கள். பழைய நீர்மட்டத்தின் கறை மருதமரத்தடியில் இன்னும் தெரிகிறது. அந்த ஒன்றரை அடியும் கச்சானுக்குப் போகும் ஒன்றரை முழமும் சேர்ந்தால், எங்கள் கிணற்றுக்குக் கீழால் ஊறி வர என்ன மிஞ்சும்? கிணற்று வளையங்களுக்கு மேலிருந்து இலக்கம் எழுதி, வெள்ளிக்கிழமை தோறும் நீர்மட்டத்தைக் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். இன்று பதினோராம் வளையம். குளத்தின் மட்டத்தையும் அதே நாளில் குறிப்பதாயின், அளவுகோலைத் துருசடியில் (நீர் திறக்கும் மதகடியில்) நடுவதா, வானடியில் நடுவதா?

பதில் 1 (நீரியல் மாணவன்):
துருசடியில் நடுங்கள், ஐயா. வானடி சித்திரைக்குப் பின் காய்ந்துவிடும்.