70,000 ரூபாய்க்கு பிளேயர் வாங்கலாமா, போனே போதுமா?

வைகைவடகரை:
வணக்கம். மதுரை செல்லூர் பக்கம் இருக்கிறேன், வயது 52. கையில் கொஞ்சம் போனஸ் பணம் நிற்கிறது. இத்தனை வருடமும் போனில்தான் பாட்டுக் கேட்டேன். கேட்பது பெரும்பாலும் நாதஸ்வரம், மதுரை மணி ஐயர், மதுரை சோமு கச்சேரிகள், கொஞ்சம் பழைய சினிமா. இரவு பத்துக்கு மேல் மொட்டை மாடியில் ஒன்றரை மணி நேரம். மாதம் இரண்டு தடவை வைகை எக்ஸ்பிரஸில் சென்னை போகும்போது ஏழு மணி நேரத்துக்கு மேல். சோனி வாக்மேன் இசட்.எக்ஸ்.707 மாதிரி, பாட்டுக்கென்றே உள்ள தனி பிளேயர் ஒன்று வாங்க ஆசை. 2023-இல் இங்கே வந்தபோது அதன் விலை 69,990 ரூபாய். இருக்கும் இயர்போன், பக்கத்துக்கு நாலு ஆர்மேச்சர் (ஒலி எழுப்பும் குட்டிப் பொறி) வைத்த, காதுக்குள் செருகும் இன்-இயர். மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. வாங்கலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

டவுன்ஹால்ரோடு:
வாங்குங்கள் அண்ணே. நான் நாலு வருடமாகத் தனி பிளேயர் வைத்திருக்கிறேன். அதே இயர்போன், அதே ஃபைல். ஆபீஸ் லேப்டாப்பில் கேட்டால் நாதஸ்வரத்துக்கு முன்னால் ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். பிளேயரில் மாட்டினால் சீவாளி ஈரமாக இருப்பது வரைக்கும் தெரியும். சும்மா சொல்லவில்லை. போனில் ஆண்ட்ராய்டு எல்லா ஒலியையும் கலந்து பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றித்தான் வெளியே விடும். தனி பிளேயர் அந்த வேலையைத் தாண்டிக்கொண்டு ஃபைலை அப்படியே அனுப்பும். உள்ளே நல்ல டேக் சிப் (ஃபைலின் எண்களை ஒலி அலையாக மாற்றுவது), அதைப் பெருக்கும் தனி ஆம்ப், இரு காதுக்கும் தனித்தனிக் கம்பி போகும் 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஜாக். ப்ளூடூத்தில் எல்டேக் என்ற உயர்தர முறையைப் போட்டாலும் உச்சம் நொடிக்கு 990 கிலோபிட். சிடியில் இருப்பதோ 1,411. கம்பிதான் கம்பி.

மல்டிமீட்டர்:
சார், அவசரப்படாதீர்கள். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் எடுக்கிறவன், இந்தப் பேச்சைப் பத்து வருடமாகக் கேட்கிறேன். சிடி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதில் சுமார் 96 டெசிபல் வரை சத்தத்தின் ஏற்ற இறக்கம் அடங்கும், 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியும் கொஞ்சம் பிடிக்கும். உங்களுக்கும் எனக்கும் இந்த வயதில் 14 கேட்டாலே பெரிய விஷயம். 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் ஹை-ரெஸ் (சிடியைவிட நுணுக்கமாகப் பதிந்த) ஒலிக்கு நடுவே சிடி தரத்துக்கு இறக்கும் பெட்டி ஒன்றைச் செருகி, கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 554 தடவை முயன்றதில் சரியான விடை பாதிக்குப் பாதி. காசு சுண்டிப் போட்டாலும் அதுதான் வரும். போனின் சார்ஜர் ஓட்டையில் மாட்டி இயர்போனைச் செருகும் டைப்-சி டாங்கிள் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். மீதியை வீட்டில் கொடுத்துவிடுங்கள், ஒரு வருடத்துக்குப் பேச்சு வராது.

டவுன்ஹால்ரோடு:
2007-லேயே நின்றுவிட்டீர்களே சார். 2016-இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். வித்தியாசம் தெரிகிறது என்றுதான் முடிவு. பயிற்சி எடுத்த காதுக்கு இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

மல்டிமீட்டர்:
தெரிகிறதுதான் தம்பி, 52.3 சதவீதம். நூற்றுக்கு ஐம்பது குருட்டாம்போக்கில் வரும், மேலே இருக்கும் இரண்டேகாலுக்கு எழுபதாயிரமா? பயிற்சிக்குப் பிறகும் அறுபதை ஒட்டித்தான். அதுவும் ஃபைலின் தரத்தைப் பற்றிய ஆய்வு, பிளேயரைப் பற்றியது இல்லை. டேக் சிப் கதையும் எனக்குத் தெரியும். 2020 அக்டோபரில் ஜப்பானில் நோபியோக்கா என்ற ஊரில் டேக் சிப் செய்யும் ஏ.கே.எம். தொழிற்சாலை எரிந்தது. சிப் கிடைக்காமல் கம்பெனிகள் வேறு சிப்புக்கு மாறின. ஃபியோ கம்பெனியின் எம்11 பிளஸ் பிளேயர் முதலில் ஏ.கே.எம். சிப்போடு வந்தது, பிறகு இ.எஸ்.எஸ். என்ற வேறு கம்பெனி சிப்போடு வந்தது. எதில் எது இருக்கிறது என்று சொல்லாமல் கையில் கொடுத்தால் பிரித்துச் சொல்வீர்களா?

டவுன்ஹால்ரோடு:
சிப்பை விடுங்கள். லேப்டாப்பில் மங்குகிறது, பிளேயரில் மங்கவில்லை. அது என் காது பொய் சொல்வதா?

உசிலைக்குழாய்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். உசிலம்பட்டிப் பக்கம் மைக்செட் தொழில், 25 வருடம். நாதஸ்வரமும் தவிலும் கோயில் வாசலில் வாசிப்பதை பத்தடி தூரத்தில் நின்று கேட்டவன். அந்தத் தவில் அடியை எந்த இயர்போனும் தராது, எழுபதாயிரம் போட்டாலும் தராது. பதிவு பண்ணும்போதே அதை அமுக்கித்தான் உள்ளே ஏற்றுகிறார்கள். அப்புறம் ஒன்று. எனக்கு இடது காதில் ராத்திரியானால் கூ என்று ஒரு சத்தம் நிற்காமல் ஓடும். குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றதன் கூலி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்று ஒரு அளவு சொல்கிறது. ரயிலில் சக்கரச் சத்தத்தை அமுக்க எல்லோரும் வால்யூமைத் திருகுவார்கள். காதில் வைக்கிற ரப்பரைச் சரியான அளவில் போட்டாலே வெளிச்சத்தம் பாதி நின்றுவிடும், வால்யூம் வேண்டியிருக்காது. அண்ணே, முதலில் அந்த ரப்பரைப் பாருங்கள். அது சரியாக உட்காராவிட்டால் தவிலின் தொப்பிப் பக்கமே, அதாவது கனத்த ஒலியே, கேட்காது. நாலு அளவு ரப்பர் நானூறு ரூபாய்கூட ஆகாது.

மல்டிமீட்டர்:
அண்ணன் சொன்னதற்கு மேல் பேச்சில்லை. தம்பி, உங்கள் காது பொய் சொல்லவில்லை, காரணம்தான் வேறு என்று நினைக்கிறேன். கே.கே. நகரில் என் வீட்டுக்கு ஞாயிறு வாருங்கள், வைகைவடகரை சாரையும் கூட்டிவாருங்கள். லேப்டாப்பும் வரட்டும்.

சிம்மக்கல்காரி:
ஞாயிறு முடிவு வருவதற்குள் என் பங்கு. அப்பாவின் கேசட்டுகளை மாற்றிக்கொண்டிருக்கிறேன், இருநூறுக்கு மேல். என் முதல் தனி பிளேயரின் பெயர் சொல்ல மாட்டேன். ஒலியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பாட்டின் பெயரைத் தமிழில் எழுதினால் கட்டம் கட்டமாகக் காட்டும். சாஃப்ட்வேரைப் புதுப்பித்தேன், கட்டம் போய் எழுத்து வந்தது, கொம்பும் காலும் தனித்தனியாக. "தோடி" என்பதைப் படிக்க நான் பட்ட பாடு! ஆண்ட்ராய்டு பிளேயரில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, ராகம் தானம் பல்லவி. சிடியில் அதை மூன்று துண்டாக நறுக்கி வைத்திருப்பார்கள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே அரை நொடி இடைவெளி விட்டால் தம்புரா அறுந்து விழும். இடைவெளி விடாமல் ஓட்டுகிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். மூன்றாவது, இரண்டரை மணி நேரக் கச்சேரி ஒரே ஃபைலாக இருந்தால், நாளைக்கு விட்ட இடத்தில் ஆரம்பிக்கிறதா? எனக்கு டேக் சிப்பைவிட இந்த மூன்றும் பெரிது. கேசட்டை 192 கிலோஹெர்ட்ஸில் ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, இரைச்சலைத்தான் அவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறார்கள். சிடி தரத்தில் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் ஃபைல்) போட்டால் 256 ஜிபி கார்டில் ஏறக்குறைய எழுநூறு மணி நேரம் அடங்கும். வைகை எக்ஸ்பிரஸில் நூறு தடவை போகலாம்.

வைகைவடகரை:
அக்கா, தோடி கதையை வீட்டில் சத்தமாகப் படித்தேன். "எதைப் பற்றி எழுதுகிறார்கள்?" என்று கேட்டார்கள். ரகசியம் முடிந்தது.

மல்டிமீட்டர்:
ஞாயிறு நடந்தது இது. மூன்று பேர், மூன்று கருவி: தம்பியின் லேப்டாப், என் போன்-டாங்கிள், தம்பியின் பிளேயரில் 3.5 ஜாக். முதல் சுற்றில் எதையும் அளக்காமல் கேட்டோம். பிளேயர்தான் உசத்தி என்றோம் மூவரும், நான் உட்பட. அப்புறம் இயர்போனை மாட்டியபடியே அளந்தால் டாங்கிள் 0.20 வோல்ட், பிளேயர் 0.25. ஏறக்குறைய 2 டெசிபல் கூடுதல். "சத்தம் கூடிவிட்டது" என்று காது சொல்லாது, "தெளிவு கூடிவிட்டது" என்றுதான் சொல்லும். 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டிச் சமப்படுத்தினோம்; ஹெர்ட்ஸ் ரொம்ப ஏறினால் சாதா மல்டிமீட்டரை நம்ப முடியாது. என் மகள் பின்னால் உட்கார்ந்து ஜாக்கை மாற்றினாள், ஆளுக்கு 16 தடவை. டாங்கிளா பிளேயரா என்றதில் தம்பி 9, சார் 7, நான் 8.

ஆனால் லேப்டாப்பா பிளேயரா என்றதில் தம்பி 15 சரி. அங்கே நான் தோற்றேன், சந்தோஷமாக.

காரணம் இதுதான். சாரின் ஆர்மேச்சர் இயர்போன் ஒரு சுருதியில் 20 ஓம் தடை காட்டும், இன்னொன்றில் 5 ஓமுக்கு இறங்கும் என்று வையுங்கள். லேப்டாப்பின் உள்தடை (ஒலி வெளியே வரும் வழியில் கருவிக்குள்ளேயே இருக்கும் தடை, அவுட்புட் இம்பீடன்ஸ்) 10 ஓம் என்றால் 20 ஓம் இடத்தில் 3.5 டெசிபல் குறையும், 5 ஓம் இடத்தில் 9.5 குறையும். நடுவில் 6 டெசிபல் கோணல்! உள்தடை 1 ஓமாக இருந்தால் அந்தக் கோணல் ஒன்றைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். லேப்டாப்பில் மேல் சுருதி அமுங்கியதுதான் தம்பி சொன்ன ஜமுக்காளம். சாரின் பழைய ஒற்றை டைனமிக் (சாதாரண சுருள்-சவ்வு வகை) இயர்போனைப் போட்டதும் தம்பிக்கும் வித்தியாசம் மறைந்துவிட்டது, ஏனென்றால் அதன் ஓம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கருவியின் உள்தடை இயர்போனில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. வாங்குமுன் அந்த ஒரு எண்ணைக் கேளுங்கள். சொல்லாத கம்பெனியை நான் நம்புவதில்லை.

டவுன்ஹால்ரோடு:
ஆக வித்தியாசம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டீர்கள்.

மல்டிமீட்டர்:
லேப்டாப்புக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது, ஒப்புக்கொண்டேன். அதைத் தீர்க்க ஆயிரம் ரூபாய்.

டவுன்ஹால்ரோடு:
பேலன்ஸ்டு ஜாக்கை நீங்கள் தொடவே இல்லை. 300 ஓம் ஹெட்போனை உங்கள் டாங்கிள் இழுக்குமா?

மல்டிமீட்டர்:
சென்ஹைசர் எச்.டி.650 ஹெட்போனை எடுத்துக்கொள்ளுங்கள்: 300 ஓம், 1 வோல்ட்டில் 103 டெசிபல். டாங்கிள் 1 வோல்ட் தரும். 4.4 ஜாக்கில் இரண்டு மடங்கு வந்தால் 6 கூடி 109. உசிலை அண்ணனின் இடது காதைக் கேட்டுவிட்டு மேலே போங்கள். ஒன்று மட்டும் நியாயம்: சில டாங்கிள்கள் ஆண்ட்ராய்டு போனில் முழுச் சத்தம் தராமல் முனகும். அதைச் சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

டவுன்ஹால்ரோடு:
சார், பரீட்சையில் நான் 9 எடுத்தேன், சரி. ஆனால் நான் பிளேயரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் கூப்பிட முடியாது. லோன் வேண்டுமா என்று எவனும் கேட்க மாட்டான். சட்டைப்பைக்குள் கைவிட்டு பட்டனை அமுக்கினால் அடுத்த பாட்டு. டாங்கிளோடு போன் பையில் இருக்கும்போது அந்த முனை வளைந்து வளைந்து, ஏழு மாதத்தில் இரண்டு மாற்றினேன். இதற்கு விலை இல்லையா?

மல்டிமீட்டர்:
இருக்கிறது. அதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். சீவாளி ஈரம் என்றீர்களே, அதற்குத்தான் குறுக்கே வந்தேன். ஆனால் அதற்கு எழுபதாயிரம் வேண்டாம், அதில் பாதிக்கும் குறைவாகவே நல்ல பிளேயர் இருக்கிறது. பேட்டரியைச் சாதாரணக் கடையில் மாற்ற முடியுமா என்று பாருங்கள். இந்த ஊர் மே மாத வெயிலில் லித்தியம் சீக்கிரம் களைத்துவிடும். இசட்.எக்ஸ்.707 வந்ததே ஆண்ட்ராய்டு 12-இல். ஸ்ட்ரீமிங் ஆப்கள் ஒருநாள் பழைய ஆண்ட்ராய்டைக் கைவிடும்.

சிம்மக்கல்காரி:
சோனியின் டபிள்யூ.எம்.1இசட் பார்த்தீர்களா? செம்பில் கடைந்து தங்க முலாம் பூசியது, 455 கிராம். பாட்டு நின்றுபோனாலும் அடகு வைக்கலாம்.

உசிலைக்குழாய்:
அடகுக் கடைக்காரன் முலாமைச் சுரண்டித்தான் பார்ப்பான் தாயி.

வைகைவடகரை:
ரப்பர் மாற்றினேன். உசிலை அண்ணன் சொன்னது சரி, இத்தனை நாள் வலது காதில் அளவு தப்பாகவே போட்டிருக்கிறேன். நேற்று மாடியில் மணி ஐயரின் பழைய கச்சேரி ஒன்று கேட்டேன், போனில்தான், டாங்கிள் போட்டு. மிருதங்கம் புதிதாக இருந்தது. கல்பனாஸ்வரம் உச்சத்துக்குப் போன நேரம் பார்த்து போன் அடித்தது. பெரிய மாமா. கல்யாணப் பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது என்று முக்கால் மணி நேரம்.

முப்பதாயிரத்துக்குள் இருக்கும் பிளேயர்களில் உள்தடை குறைவாக, விட்ட இடத்தில் ஆரம்பிப்பதாக, தமிழ் ஒழுங்காகத் தெரிவதாக எவை என்று சொல்லுங்கள். வீட்டில் சொல்லிவிட்டேன். இரண்டு இயர்போன் மாட்டும் வசதி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்கள்.