வயலட்: பாவ்மோ லெவல் 41 ஆகியும் எவால்வ் ஆகவில்லை, உதவுங்கள்

மின்சார_மல்லி

எல்லாருக்கும் வணக்கம். நின்டெண்டோ ஸ்விட்ச்ல போகிமான் வயலட் கேம் விளையாடிட்டு இருக்கேன். பாவ்மிங்கற போகிமான் லெவல் 18-ல எவால்வ் ஆகி, அதாவது அடுத்த வடிவத்துக்கு மாறி, பாவ்மோ ஆச்சு. அதுக்கப்புறம் ஒரு மாற்றமும் இல்ல. இப்போ லெவல் 41. முதல்ல தேர்ந்தெடுத்த ஸ்ப்ரிகாட்டிட்டோ 16-ல ஒரு தடவை, 36-ல ஒரு தடவை மாறி மியாஸ்கராடா ஆயிடுச்சு. பாவ்மோ மட்டும் அப்படியே நிக்குது.

நான் பார்த்தவரைக்கும்: கையில எவர்ஸ்டோன் (எவால்வ் ஆகாம தடுக்கிற கல்) இல்ல. நடுவுல பி பட்டன் அழுத்தி நிறுத்தவும் இல்ல, எவால்வ் ஆகுற காட்சியே வரலைங்க. தண்டர் ஸ்டோன் (சில போகிமானை எவால்வ் பண்ற கல்) கொடுத்துப் பார்க்கலாம்னு பையைத் திறந்தா, இதுக்கு வேலை செய்யாதுன்னு காட்டுது. 1000 அடி எடுத்து வச்சு நடக்கணும்னு ஒருத்தர் சொன்னார். ஆட்டம் நடக்கிற பால்டியாவுல பாதியைச் சுத்தியாச்சு, டீம்ல முதல் இடத்துல பாவ்மோதான் இருக்கு. ஆயிரம் எப்பவோ தாண்டியிருக்கணும். எதை விட்டுட்டேன்?

பால்டியா_பயணி

1000 அடின்னு சொன்னவர் சரியாத்தான் சொல்லியிருக்கார். ஆனா டீம்ல முதல்ல இருந்தா மட்டும் போதாது, பாவ்மோ வெளிய வந்து உங்க கூட நடக்கணும். ரெண்டு கேள்வி கேட்கிறேன், பதில் சொல்லுங்க.

சுத்தினது எப்படி? ஆர் பட்டன் அழுத்தி பாவ்மோவை வெளிய விட்டு 'லெட்ஸ் கோ' முறையில நடந்தீங்களா, இல்ல மிராய்டான் மேல ஏறிப் போனீங்களா?

கடைசியா ஏறின லெவல்கள் எங்கிருந்து வந்துச்சு? நேரா நின்னு மூவ் (சண்டை உத்தி) தேர்ந்தெடுத்து ஆடின சண்டையா, பாவ்மோவைக் காட்டு போகிமான் பக்கம் ஏவிவிட்ட ஆட்டோ பேட்டிலா?

மின்சார_மல்லி

சுத்தினதெல்லாம் பெரும்பாலும் மிராய்டான் மேலதான். லெவல் ஏறினது முக்காவாசி ஆட்டோ பேட்டில்ல. வேலை முடிஞ்சு வந்து விளையாடுறதால அதுதான் சீக்கிரம் ஆகுது.

பால்டியா_பயணி

அப்போ தடை ரெண்டு இருக்கு. ஒண்ணை மட்டும் சரி பண்ணினா மத்தது நிறுத்திடும்.

முதல் தடை நடை. பாவ்மோ, பிராம்ப்ளின், ரெல்லர் இந்த மூணுக்கும் ஒரே நிபந்தனைதான்: லெட்ஸ் கோ முறையில வெளிய இருந்து, உங்க கூட 1000 அடி வைக்கணும். மிராய்டான் மேல போறப்போ பாவ்மோ அதோட பந்துக்குள்ள இருக்கு, அந்தத் தூரம் அதோட கணக்குல வராது. நீங்க வேகமா போய் அது ரொம்பப் பின்தங்கினாலும் தானா பந்துக்குள்ள போயிடும். அதனால மேடு பள்ளம் இல்லாத இடமா பாருங்க. நான் எப்பவும் மெசகோசா நகரத்து நடுவுல இருக்கிற பெரிய சதுக்கத்துலதான் நடப்பேன். காட்டு போகிமான் குறுக்க வராது, பின்னாடி வர்றதும் வழி மாறாது. எத்தனை அடி ஆச்சுன்னு ஆட்டம் எங்கயும் காட்டாது, அதனால கொஞ்சம் கூடவே நடந்துடுங்க. ஒரே மூச்சுல, நடுவுல வேற போகிமானை முதல் இடத்துக்கு மாத்தாம முடிக்கிறது நல்லது.

ரெண்டாவது தடை லெவல். இது நிறைய பேருக்குத் தெரியாம போற விஷயம். ஆயிரமாவது அடி வச்சதும் எவால்வ் ஆகாது. லெவல் ஏறுற அந்த நொடியிலதான் ஆட்டம் 'நிபந்தனை நிறைவேறிச்சா'ன்னு பார்க்கும். அடுத்த தடவை பார்க்கிறது அடுத்த லெவல்லதான். ஆட்டோ பேட்டில்ல லெவல் ஏறினா இந்தச் சோதனையே நடக்காது. அனுபவம் சேரும், எண் கூடும், எவால்வ் மட்டும் வராது. நேரடிச் சண்டையில ஒரு லெவல் ஏத்துங்க, இல்ல பையில இருந்து ஒரு ரேர் கேண்டி (ஒரு லெவல் ஏத்துற மிட்டாய்) கொடுங்க. எக்ஸ்ப் கேண்டியும் (அனுபவம் கூட்டுற மிட்டாய்) சரிதான், ஒரு லெவல் ஏறுற அளவுக்கு இருந்தா போதும்.

வரிசை முக்கியம். முதல்ல நடை, அப்புறம் மிட்டாய்.

மின்சார_மல்லி

ஆச்சு! மெசகோசாவுல சுத்திச் சுத்தி நடந்தேன், ஒரு ரேர் கேண்டி கொடுத்ததும் உடனே பாவ்மாட். ரொம்ப நன்றி. இனிமே யாரையாவது எவால்வ் பண்ணணும்னா ஆட்டோ பேட்டிலை நம்பவே மாட்டேன்.

பால்டியா_பயணி

மகிழ்ச்சி. ஆட்டோ பேட்டிலை விட்டுட வேண்டாம், பொருள் சேர்க்க அதுதான் நல்ல வழி. கடைசி லெவலை மட்டும் வேற வழியில ஏத்துங்க. பாவ்மாட்டோட 'ரிவைவல் பிளெஸிங்'கைப் பாருங்க, மயங்கி விழுந்த கூட்டாளியைச் சண்டைக்கு நடுவுலயே எழுப்பிடும். அவ்வளவு தூரம் நடந்ததுக்கு அது தகும்.

ஈவி_அப்பா

இந்த இழையிலேயே கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். நான் விளையாடுபவன் அல்ல, ஒன்பது வயது மகளுக்காக எழுதுகிறேன். அவளிடம் ஈவி இருக்கிறது, லெவல் 27. கறுப்பு நிறத்தில் மஞ்சள் வளையங்கள் உள்ள அம்ப்ரியான்தான் வேண்டும் என்கிறாள். இரவில் லெவல் ஏற்ற வேண்டும் என்று படித்து, வீட்டில் இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் விளையாடுகிறாள். பலமுறை லெவல் ஏறியும் மாறவில்லை. தவறுதலாக வேறு ஏதாவது ஆகிவிட்டால் அழுதுவிடுவாள் என்று எனக்குப் பயம். என்ன செய்ய வேண்டும்?

பால்டியா_பயணி

சார், நல்ல நேரத்துல கேட்டீங்க. அவசரப்பட்டிருந்தா வேற வடிவமான சில்வியான் ஆகியிருக்கும்.

ஈவி அம்ப்ரியான் ஆக நட்பு நிறைய வேணும், ஆட்டத்துக்குள்ள இரவா இருக்கணும், அந்த நேரத்துல லெவல் ஏறணும். பகல்ல ஏறினா எஸ்பியான். இரவுன்னு சொல்றது உங்க வீட்டுக் கடிகாரம் இல்ல. ஸ்கார்லெட், வயலட் ரெண்டுலயும் பகலும் இரவும் ஆட்டத்துக்குள்ளயே தனியா ஓடும். மதியம் விளையாடினாலும் திரையில வானம் இருட்டியிருந்தா அது இரவுதான். பாப்பாவை எட்டு மணிக்கு மேல முழிக்க வைக்க வேண்டாம்.

இப்போ ஆபத்தான இடம். ஈவிக்கு லெவல் 15-ல 'பேபி டால் ஐஸ்'னு ஒரு மூவ் வரும், அது ஃபேரி வகை. நட்பு போதுமான அளவு வந்து, கையில ஒரு ஃபேரி மூவும் இருந்தா, பகலோ இரவோ சில்வியான்தான் ஆகும். அதனால முதல் வேலையா அவளோட ஈவியின் சம்மரி பக்கத்தைத் திறந்து நாலு மூவையும் பாருங்க. பேபி டால் ஐஸ் இருந்தா அதுக்குப் பதிலா 'ஸ்விஃப்ட்' மாதிரி வேற ஒண்ணை வச்சுடுங்க. பழைய மூவை அந்தப் பக்கத்துலயே காசில்லாம நினைவுபடுத்திக்கலாம்.

இதுவரைக்கும் மாறலைன்னா நட்பு இன்னும் வரலைன்னு அர்த்தம். நட்பை ஆட்டம் 0-லிருந்து 255 வரைக்கும் கணக்கு வச்சுக்கும். பழைய ஆட்டங்கள்ல 220 வேணும், இப்போ 160 போதும். ஈவி தொடங்குறதே 50-ல. சண்டையில அடிக்கடி மயங்கி விழுந்தா குறையும். பெரிய எதிரியோட மோத ஈவியை அனுப்புறாளான்னு கேட்டுப் பாருங்க.

நிலா_பயிற்சியாளர்

நட்பை ஏத்துறதுல எனக்கு ரொம்ப ஆர்வம், அதனால நானும் சொல்றேன். ஈவி கையில சூத் பெல் கொடுங்க, நட்பு வேகமா ஏறும். பிக்னிக் போட்டு ஈவியைச் சோப்பு தேய்ச்சு குளிப்பாட்டச் சொல்லுங்க, குழந்தைங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும், நட்பும் கூடும். லெட்ஸ் கோ முறையில கூடவே நடக்கிறதும் உதவும். காஸ்கராஃபா ஊர்ல ஒருத்தர் உங்க போகிமான் உங்க மேல எவ்வளவு பாசமா இருக்குன்னு சொல்வார். அவர்கிட்ட கேட்டுட்டு, நல்லா வந்திருக்குன்னு தெரிஞ்சதும் இருட்டின நேரத்துல ஒரு ரேர் கேண்டி கொடுங்க.

ஈவி எட்டு விதமா மாறும் சார். வாட்டர் ஸ்டோன், தண்டர் ஸ்டோன், ஃபயர் ஸ்டோன், லீஃப் ஸ்டோன், ஐஸ் ஸ்டோன் இந்த அஞ்சும் கொடுத்தவுடனே மாத்திடும், லெவல், நட்பு எதுவும் கேட்காது. அதனால அந்தக் கல் எதையும் பாப்பா தெரியாம ஈவிக்குக் கொடுத்துடாம பார்த்துக்கங்க. ஏதாவது தப்பா நடக்கிற மாதிரி தெரிஞ்சா, லெவல் ஏறி மாறுற காட்சி ஓடும்போது பி பட்டனை அழுத்தினா நின்னுடும். கல் கொடுத்து மாறுறதை அப்படி நிறுத்த முடியாது. தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை சேவ் பண்ணிடுங்க.

யாழ்_கேமர்

வணக்கம். என்ரை கதையும் கிட்டத்தட்ட இதுதான். என்னட்டை பிரைமேப் ஒண்டு நிக்குது, லெவல் 44. அனிஹிலேப் ஆக்க வேணும். ரேஜ் ஃபிஸ்ட் எண்ட மூவை 20 தரம் பாவிக்க வேணும் எண்டு தெரியும். ஆனா 35-இல அந்த மூவைப் படிக்கவோ எண்டு கேட்ட நேரம் வேண்டாம் எண்டு விட்டிட்டன். திரும்ப எடுக்க ஏலுமோ?

பால்டியா_பயணி

எடுக்கலாம் அண்ணா. சம்மரி பக்கத்துல மூவ் பட்டியல்ல 'ரிமெம்பர் மூவ்ஸ்' இருக்கும், ரேஜ் ஃபிஸ்ட் அங்க காத்திருக்கும்.

அதுக்கு பி.பி. (எத்தனை தடவை பயன்படுத்தலாம்ங்கற அளவு) 10 தான். அதனால பத்துத் தடவை அடிச்சதும் ஒரு போகிமான் சென்டருக்குப் போய் அதை நிரப்பிட்டு வந்து மீதிப் பத்தையும் முடிங்க. ஒரே சண்டையில முடிக்கணும்னு கட்டாயம் இல்ல. அது கோஸ்ட் வகை, நார்மல் வகை மேல ஒண்ணும் ஆகாது. லெச்சாங்க் மாதிரி இருக்கிறதை விட்டுட்டு வேற எதிரியைத் தேடுங்க. ஆட்டோ பேட்டில் இங்கயும் உதவாது, அதுல போகிமான் தன் மூவை எதுவும் பயன்படுத்தாது. இருபது ஆனதும் ஒரு லெவல் ஏத்துங்க.

இந்த நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அடி வாங்க வாங்க ரேஜ் ஃபிஸ்டோட பலம் 50, 50-ஆ ஏறும். கோபத்தை அடக்கி அடக்கிக் கடைசியில அந்தக் கோபத்துலயே செத்து ஆவியாகிறதுதான் அனிஹிலேப். விளையாடுறவரும் இருபது தடவை அந்தக் கோபத்தைக் காட்டிட்டுத்தான் அதை அடைய முடியும். கதையும் விதியும் ஒண்ணா இருக்கு.

யாழ்_கேமர்

சரி வந்திட்டுது. ரேர் கேண்டி குடுத்த உடனை மாறிட்டுது. நன்றி தம்பி.

ஹான்டர்60

ப்ரோ, எனக்கும் சொல்லுங்க. ஹான்டர் லெவல் 60. அது கெங்கார் ஆக நிபந்தனை என்னன்னு தெரியும், ட்ரேட் பண்ணணும் (இன்னொரு ஆளோட மாத்திக்கணும்). என் வட்டாரத்துல ஸ்விட்ச் வச்சிருக்கிற ஒரே ஆள் நான்தான். ஆன்லைன் சந்தா கட்ட வீட்டுல ஒத்துக்கல. கெங்கார் இல்லாமலே ஆட்டத்தை முடிக்க வேண்டியதுதானா?

நிலா_பயிற்சியாளர்

இது மட்டும்தான் எனக்கு இந்தத் தொடர் மேல இருக்கிற வருத்தம். சந்தா கட்ட முடியாத பிள்ளைக்கு ஒரு போகிமானை மூடி வைக்கிறது நியாயம் இல்ல. 2022 ஜனவரியில வந்த லெஜண்ட்ஸ் ஆர்சியஸ்ங்கற போகிமான் ஆட்டத்துல 'லிங்கிங் கார்ட்'னு ஒரு பொருள் கொடுத்தாங்க, ட்ரேட் இல்லாமலே ஹான்டர் கெங்கார் ஆகும். அதே வருஷம் நவம்பர்ல வந்த ஸ்கார்லெட், வயலட்ல அதைக் காணோம்.

பால்டியா_பயணி

வருத்தம் புரியுது. ஆனா ட்ரேட் இந்த ஆட்டத்தோட வேர். போகிமானை உருவாக்கின சடோஷி தஜிரி சின்ன வயசுல பூச்சி பிடிச்சுச் சேர்த்தவர். ரெண்டு கேம் பாயை இணைக்கிற கேபிள் வழியா ஒரு பூச்சி இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் ஊர்ந்து போறதைக் கற்பனை பண்ணினதுல இருந்துதான் 1996-ல முதல் போகிமான் ஆட்டங்களான ரெட், க்ரீன் வந்துச்சு. அதுலயே ஹான்டர், மஷோக், கடாப்ரா, க்ராவ்லர் நாலுக்கும் இந்த விதி உண்டு. இன்னொரு ஆளைத் தேடிப் போக வைக்கிறதுதான் நோக்கம். அதுக்காக லிங்கிங் கார்டை எடுத்திருக்க வேண்டாம்ங்கறதுல நிலா சொல்றதை நானும் ஒத்துக்கிறேன்.

தம்பி, உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. பக்கத்துல உட்கார்ந்து ட்ரேட் பண்ண சந்தா தேவையே இல்ல. ஊர்ப் பக்கம் உறவுக்காரங்க யாராவது ஸ்விட்சோட வந்தா, ரெண்டு பேருகிட்டயும் ஸ்கார்லெட் இல்ல வயலட் இருந்தா போதும். ஆட்டத்தோட மெனுவுல இருக்கிற போக்கே போர்ட்டல்ல ஆஃப்லைன்லயே இருந்து 'லிங்க் ட்ரேட்' எடுங்க, ரெண்டு பேரும் ஒரே 8 இலக்கக் குறியீட்டைப் போடுங்க. ஹான்டரை அனுப்புங்க, அங்க கெங்கார் ஆகும், திருப்பி வாங்கிக்கங்க. அனுப்புறதுக்கு முன்னாடி அது கையில எவர்ஸ்டோன் இல்லைன்னு பாருங்க, இருந்தா ட்ரேட் பண்ணினாலும் மாறாது.

அதுவரைக்கும் டெரா ரெய்டு (நாலு பேர் சேர்ந்து ஒரு பலமான போகிமானோட மோதுற சண்டை) படிகங்களைத் தினமும் பாருங்க. 5 நட்சத்திர ரெய்டுல சில சமயம் கெங்காரே வரும், ஜெயிச்சா பிடிச்சுக்கலாம். ரெய்டை இணையம் இல்லாமலும் ஆடலாம், உங்க கூட கணினிப் பயிற்சியாளர்கள் மூணு பேர் வருவாங்க. கோஸ்டும் பாய்சனும் கெங்காரோட பிறவி வகை. ஆனா ரெய்டுல அதோட டெரா வகை (அந்தச் சண்டையில எடுத்துக்கிற வகை) வேறயா இருக்கலாம், உள்ள போறதுக்கு முன்னாடி படிகத்துல காட்டுற சின்னத்தைப் பார்த்து டீமை எடுங்க.

ஹான்டர்60

ரெய்டுல வரும்னு எனக்குத் தெரியாது ப்ரோ. இன்னைக்கே தேட ஆரம்பிக்கிறேன். பொங்கலுக்கு அத்தை பையன் வர்றான், அவன்கிட்ட ஸ்கார்லெட் இருக்கு. ஹான்டரை அதுவரைக்கும் பத்திரமா வச்சுக்கிறேன்.

ஈவி_அப்பா

நீங்கள் சொன்னது போலவே பேபி டால் ஐஸ் இருந்தது, மாற்றிவிட்டோம். மகள் தினமும் பிக்னிக்கில் ஈவியைக் குளிப்பாட்டுகிறாள். காஸ்கராஃபாவில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் நெருக்கம் வேண்டும் என்பது போலச் சொன்னார். ஒரு சந்தேகம்: காத்திருக்கும் நாட்களில் ஈவியை டீமிலேயே வைத்திருக்கலாமா? மற்ற போகிமான்கள் சண்டை போடும்போது அதற்கும் லெவல் ஏறுகிறதே, பகலில் எஸ்பியான் ஆகிவிடாதா?

நிலா_பயிற்சியாளர்

நல்ல கேள்வி சார். ஆகலாம். டீம்ல இருக்கிற எல்லாருக்கும் அனுபவம் பகிரப்படும், நட்பு 160-ஐத் தொட்டதும் பகல்ல ஒரு லெவல் ஏறினா எஸ்பியான்தான். அதனால ஈவி கையில சூத் பெல்லை எடுத்துட்டு எவர்ஸ்டோன் கொடுங்க, எவ்வளவு லெவல் ஏறினாலும் மாறாது. நட்பு கொஞ்சம் மெதுவா ஏறும், பரவாயில்லை. காஸ்கராஃபாக்காரர் நல்லாப் பழகியிருக்குன்னு சொன்னதும், ஆட்டத்துல இருட்டினப்புறம் எவர்ஸ்டோனைக் கழட்டிட்டு ரேர் கேண்டியை பாப்பா கையாலயே கொடுக்கச் சொல்லுங்க.